முற்றத்துப் புல்லும் மூன்று தையலும்

கிரின்ஸ்டெட்
நவம்பர் 23

அன்புள்ள மகள் சாரங்கிக்கு,

நீயும் மருமகன் ரஜிதனும் செல்லக்குட்டி நேயாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறாள், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் குளிர் தொடங்கியதும் தன் வேலையைக் காட்டுகிறது. முதியோர் இல்லத்தில் அவளுக்கு இன்னும் ஏழு மாத வேலைதான், ஜூனோடு பென்சன். ரெலிபோனில் நான் வந்தால் நீ ஓம் அப்பா, சரி அப்பா, அம்மாட்டைக் குடுங்கோ என்கிறாய், அதனால்தான் பேனையை எடுத்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் ரொறொன்ரோக் குளிரில் துருப்பிடித்திருக்காது என்று நம்புகிறேன், விளங்காவிட்டால் ரஜிதனைக் கொண்டு வாசிப்பி.

வீட்டுக்குப் பின்னால் வளவில் இப்போது தரைக்கல் இல்லை. ஒரு கல்கூட இல்லை. அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். ஓகஸ்ட் முழுவதும் கல் நெம்பும் அலவாங்கும் தள்ளுவண்டியுமாக நின்று, நான் பதித்த கற்களை நானே கிளப்பினேன். அம்மா பின்கதவில் நின்று, இந்த வயதில இடுப்பை முறிச்சுக்கொண்டு படுத்தால் நான் பாக்கமாட்டன் என்று தினமும் சொன்னாள், சொல்லிக்கொண்டே தேத்தண்ணியும் கொண்டுவந்து தந்தாள். கல்லுக்குக் கீழே வெறும் மணல், அதற்கு மேலே ஒரு லொறி நல்ல மண் போட்டுப் பரவி, செப்டெம்பர் முதல் கிழமை புல் விதை போட்டேன். பக்கத்து வீட்டு ஹென்னிங் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து முறை சொல்லித் தந்தார். மண் காயாமல் காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்தேன். பதினோராம் நாள் பச்சை தெரிந்தது, சாரங்கி, நான் உள்ளே ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். சுற்றிவரத் தடி நட்டு, கயிறு கட்டி, அம்மாவின் பழைய சிவப்புச் சேலைக் கிழிசலை அதில் தொங்கவிட்டேன். அன்றிலிருந்து யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. உடுப்புக் காயப்போடும் கயிறும் கராஜ் பக்கம் போய்விட்டது, அதற்கு அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இனி நான் செய்த மடைத்தனத்தையும் சொல்லத்தான் வேண்டும். புல் நன்றாக வந்து, ஒக்டோபர் தொடக்கத்தில் ஹென்னிங்கின் மெஷினால் நுனியை மட்டும் ஒருமுறை வெட்டினோம். பிறகு அவருடைய பேர்ச் மரம் இலை கொட்டத் தொடங்கியது. ஈர இலை மூடிக் கிடந்தால் இளம் புல் அழுகிவிடும், கையால் பொறுக்கு, இல்லாவிட்டால் இலை வாரும் மெல்லிய றேக்கால் தொட்டும் தொடாமலும் எடு என்று அவர் சொல்லியிருந்தார். நான் ஓம் ஓம் என்றுதான் கேட்டேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பி முற்றம் முழுக்க இலையாய்க் கிடந்ததைக் கண்டதும் கை தானாகப் போய் ஹோர்சன்ஸ் தமிழ்க்கடையில் வாங்கிய ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துவிட்டது. குனிந்து, இந்த மூலையில் தொடங்கி அந்த மூலைக்கு, வரி வரியாகக் கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மா ஜன்னலைத் திறந்து, ஐயோ என்ன செய்யிறியள், அதைக் கூட்டுறேல்லை, அது புல்லு என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால் இலையோடு புல்லும் வேரோடு குவிந்து கிடக்கிறது. ஒரு கட்டில் அளவு இடம் மொட்டை. எனக்கு அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு வீட்டு முற்றத்தில் புல் நின்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த எண்ணத்தோடுதான் இந்த வீட்டை வாங்கிய வருடம் பின்னால் இருந்த நல்ல புல்லையெல்லாம் செதுக்கி எறிந்து கல் பதித்தேன். உனக்கு அப்போது ஏழு வயது. கொஞ்சமாவது விடுங்கோ அப்பா, நான் உருள என்று கேட்டாய். நான் கேட்கவில்லை.

ஹென்னிங் வந்து மொட்டையைப் பார்த்தார், சிரிக்கவில்லை, நல்ல மனிதர். இப்போது மண் குளிர்ந்துவிட்டது, விதைத்தாலும் உடனே முளைக்காது, ஆனால் விதை குளிருக்குள் நித்திரை கொண்டு வசந்தத்தில் எழும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். எழும்பலாம் என்ற சொல் எனக்குப் போதும். போன கிழமை திரும்பவும் விதைத்து, பலகையால் அழுத்தி, பறவைகள் கொத்தாமல் வலை விரித்திருக்கிறேன். இனிக் குளிர்காலத்துக்கும் சட்டம் போட்டாயிற்று. பனி உறைந்த நாளில் புல்லில் கால் பட்டால் பட்ட இடம் கருகிவிடுமாம், ஆகவே யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது. நடைபாதையில் உப்புப் போடமாட்டேன், மணல்தான் போடுவேன். அள்ளுகிற சினோப் பனியை முன்பக்கம்தான் கொட்டுவேன். ஏப்ரலிலும் முளைக்காவிட்டால் மேயில் மறுபடி விதைப்பேன், இதில் நான் விடப்போவதில்லை.

ஏன் இவ்வளவு பாடு என்று உனக்கு விளங்கும். ஜூலையில் நீங்கள் இங்கே வந்து நின்றபோது நேயா அந்தக் கல் விளிம்பில் விழுந்து நாடியில், உதட்டுக்குக் கீழே, மூன்று தையல் போட்ட அன்று, அப்பா, இது பிள்ளை விளையாடுற இடமில்லை, கார் விடுற இடம் என்று நீ சொன்னாய். நான் என் கல்லுக்காக வரிந்து கட்டிக்கொண்டு, பிள்ளையைப் பாக்கத் தெரியாட்டிக் கல்லில குற்றம் சொல்லாதை என்றேன். அடுத்த நாளே நீங்கள் ஒடென்சேக்கு ரஜிதனின் மாமி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். மிச்ச ஒன்பது நாளும் அங்கேதான். இப்போது அம்மாவின் பென்சன் விருந்துக்கு ஜூனில் வருவாயா என்று கேட்டால் பாப்பம் என்கிறாய். அம்மா ரெலிபோனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நிற்கிறாள்.

மகள், கல்லைக் கிளப்பும்போது குசினி வாசல் பக்கத்துக் கல் ஒன்று கையில் வந்தது, மூலை உடைந்த கல். உன் வலது முழங்காலில் இருக்கும் தழும்பு அந்த மூலை தந்தது. எட்டு வயதில் விழுந்தாய், ஐந்து தையல். அன்று அம்மா வேலைக்குப் போயிருந்தாள். உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றது நான். நான் உனக்குச் சொன்ன அந்தச் சொல்லை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அம்மாகூடச் சொல்லவில்லை. நான் சொன்னது பிழை. மன்னித்துக்கொள்.

குளிருக்கு நேயாவின் காதை மூடித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும், ரஜிதனிடம் காருக்கு வின்ரர் ரயர் மாற்றியாயிற்றா என்று கேள், நீயும் காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. பிள்ளையார் உங்கள் மூவருக்கும் துணை நிற்கட்டும், எந்தக் குறையும் வராமல் நல்லாயிருங்கள். பிளேன் ரிக்கெற்றை ஜனவரிக்குள் போட்டுவிடு, பிந்தினால் விலை ஏறும். மொட்டை முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் வா. வெட்டப் போனபோதுகூட ஹென்னிங்கும் நானும் பலகை போட்டு அதன் மேல்தான் நடந்தோம், விளக்குமாறு எடுத்த அந்த ஞாயிறு என் கால் பட்டதைத் தவிர அந்தப் புல்லில் இன்னும் ஒருவர் காலும் படவில்லை. ஜூனில் கயிற்றை அவிழ்ப்பேன். முதலில் நீ போய் உருள், நேயா பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
உன் வருகைக்காகப் புல்லுக்குக் காவல் நிற்கும்
அப்பா,
சபாரத்தினம்