வாப்பா உட்காராத நாட்கள்

9 நவம்பர் 1964, திங்கள்
விடியலிலிருந்து மழை. குடையில் கம்பி முறிவு. முதல் மூன்று பாடமும் ஈரச் சேலையோடு.

வாப்பா இன்றும் நின்றுகொண்டே சாப்பிட்டார். நாலு வாய். கதிரையில் அமர்த்தப் போன, எனக்கு மூத்த நானாவின் கையைக் கடித்துவிட்டார். புத்தி மங்கி மூன்று வருடம், பேச்சு நின்று ஒரு வருடம். ஆனால் போன கிழமைவரை யாரையும் நோகடித்ததில்லை.

மாலைத் தொழுகை. நானாவைப் பார்த்துப் பார்த்துச் செய்வார். நின்றார், குனிந்தார். சுஜூதுக்கு, நெற்றியைத் தரையில் வைக்கும் இடத்தில், இறங்கவில்லை. நானா தோளை அழுத்தினார். வாப்பா ஒரே கத்தல்.

நானா: "சுஜூது செய்ய மாட்டேன்டு நின்டது யாரு? இபுலீஸு, ஷைத்தான். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

மதினி: "நான் அப்பவே சொன்னேன். இது வாப்பா இல்ல. உள்ளுக்கு வேற யாரோ ஈக்கிறாங்க."

வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கார் வருகிறதாம். குருநாகல் பக்கம் ஒரு வீடு. சங்கிலி போட்டு, நாற்பது நாள் ஓதி ஜின்னை இறக்குவார்களாம்.

"சங்கிலியா?"

நானா: "நீ படிச்சவ. இதெல்லாம் உனக்கு விளங்காது."

விளங்கவில்லைதான்.

10, செவ்வாய்
தலைவலி என்று அரைநாள் லீவு. பொய். வாப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட நேரசூசியின் பின்பக்கத்தில் குறித்தவை:

நிற்பு. ஜன்னல் கம்பியில் கை. பாரம் முழுதும் இடது காலில்.
கட்டிலைக் கண்டால் நெற்றி சுருங்குகிறது.
கக்கூஸ் கதவுக்குப் பின்னால் முனகல், நெடுநேரம்.
அவித்த முட்டை கொடுத்தேன், தின்றார். ஆகவே பசி உண்டு.
தும்மினார். உடனே வலது கை பின்பக்கம் போனது. இரண்டு தடவை.

தும்மினால் ஜின்னுக்கு நோகுமா?

முதலாம் வகுப்பில் வயிற்றுவலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை இருக்கும். நிற்கிற விதத்திலேயே பிடித்துவிடுவேன். இருபது வருடமாகச் செய்கிற வேலை. சொந்த வாப்பாவிடம் ஒரு கிழமை பிந்திவிட்டேன்.

11, புதன்
டிஸ்பென்சரி டாக்டரைக் கூப்பிட்டேன். நாடி, கண், நாக்கு. உடுத்திருந்த சாரத்துக்கு மேலால் வயிற்றை அமுக்கினார். "வயசு, டீச்சர்." ஒரு போத்தல் தூக்க மருந்து.

"சாரத்தைக் கழற்றி..." என்று தொடங்கினேன். நானா: "வாப்பாட மானத்த வாங்காத." டாக்டர் பையை மூடிவிட்டார். போத்தலை அலுமாரிக்குள் தள்ளினேன். திறக்க மாட்டேன். கத்தலை நிறுத்தினால் அவருக்கு வேறென்ன மிச்சம்?

குளிப்பாட்டுவது நானா. சாரத்தோடேயே தண்ணீர் ஊற்றுவார்.

"குளிப்பாட்டுறப்போ ஒருக்கா பாருங்க, நானா."

"பெத்த வாப்பாட அவ்ரத்த மகன் பாக்கிறதா? மறைக்கிற இடம் மறைக்கத்தான்."

"நாளைக்கு அஸருக்குள்ள நீங்க பாக்காட்டி நான் பாப்பேன்."

மதினி அடுப்படியிலிருந்து: "கலியாணம் கட்டாதவ பேசுற பேச்சா இது?"

வயது நாற்பத்து மூன்று. இன்னும் கூசியது. கூசட்டும்.

12, வியாழன்
பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி முடிந்தது. நானா கடையில். மதினி பக்கத்து வீட்டில். தாழ்ப்பாள் போட்டேன்.

"வாப்பா, நான்தான். பாக்கப் போறேன்."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாரத்தைத் தூக்கினேன். இந்த முறை கூசவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

குதத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. சாதிக்காய் அளவு. சிவப்பு, மினுமினுப்பு, தொடாமலே சூடு. இதன்மேல் உட்காரச் சொல்லித்தான் தோளை அழுத்தினோம். சனிக்கிழமை நானும் அழுத்தினேன்.

என்னை அடிக்கவில்லை. கடிக்கவில்லை.

வாடகைக்கு ஹயரிங் கார் பிடித்தேன். பின் சீற்றில் குப்புறப் படுக்கவைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. சின்ன வயது டாக்டர். பார்த்த உடனே சிங்களத்தில் கேட்டார், இத்தனை நாளும் இவர் கத்தவில்லையா என்று.

கத்தினார், மாத்தயா. எல்லாரும் கேட்டோம்.

கீறி எடுத்தார்கள். ஒரு கிண்ணம் சீழ். வாப்பா பக்கவாட்டில் சாய்ந்து தூங்கினார், வாய் திறந்தபடி.

13, வெள்ளி
இரண்டரைக்குக் கார் வந்தது. நானா வெளியே வரவில்லை. நான் போனேன். "ஆள் ஆஸ்பத்திரில."

டிரைவர்: "அப்ப வாற கிழம வரவா?"

"வராதீங்க."

15, ஞாயிறு
வாப்பா வீட்டில். சாய்ந்தபடி தலையணைமேல் உட்கார்ந்து கஞ்சி, முழுக்கோப்பை. புத்தி திரும்பவில்லை. என்னைத் தெரியாது. ஆனால் நெற்றியில் சுருக்கம் இல்லை.

காலையில் அடுப்படியில் நானா, சுவரைப் பார்த்து: "ஆரும் கேட்டா, நான் பாத்தேன்டு சொல்லு. உன்ட நல்லதுக்குத்தான்." கஞ்சியை இறக்கினேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி வந்தார். கூடத்தில் நானாவின் குரல்: "குளிப்பாட்டுறப்போதான் கண்டேன், மாமி."

மாமி: "நல்ல வேள. எங்கட ஊட்லயும் இவர் இப்ப படுக்க ஏலாம கத்துறாரு. பேச்சும் இல்லயே. ஓதத்தான் ஆள் தேடுறம்."

தேத்தண்ணீர்த் தட்டை வைத்தேன். "கண்டது நான், மாமி. சாரத்தைத் தூக்கிப் பாத்தேன். நீங்களும் பாருங்க. உங்கட புருஷன்தானே."

நானா எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். மதினி கதவோரத்தில், வாயில் முந்தானை.

மாமி தேத்தண்ணீரை முடிக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழும்பி நடந்தார். கோபித்தா, பார்க்கவா, தெரியவில்லை. நடை வேகமாகத்தான் இருந்தது.