ஒற்றை என்று நீ சொன்ன நட்சத்திரம்

என் சண்டைக்காரி ஜெபாவுக்கு,

அது ஒன்றல்ல, இரண்டு. உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருகிறேன், எழுகிறேன், கேன்டீன் வரை போய் டீ குடிக்காமலே திரும்பி வருகிறேன். வெளியே இடவப்பாதிப் பருவமழை விடாமல் அடிக்கிறது.

பால்வெளியின் மையத்தில், கருந்துளைக்குப் பக்கத்தில், நாம் சேர்ந்து ஆராய்ந்த நட்சத்திரத்தைத்தான் சொல்கிறேன். அத்தனை எடையுள்ள ஒற்றை நட்சத்திரம் எரிபொருளை வாரி இறைத்துவிட்டுச் சீக்கிரமே செத்துப்போகும். அதை வைத்துத்தானே வாதாடினாய்? "ஏட்டி, வேற எங்கயோ பொறந்து அவ்வளவு தூரம் வர அதுக்கு ஆயுசு எங்க இருக்கு? அங்கயேதான் பொறந்திருக்கு." கருந்துளையின் இழுப்பில் வாயு மேகமே சிதறிப்போகுமே, பிறப்பது எப்படி என்று நான் கத்துவேன். கட்டுரையில் உன் கட்சிதான் ஜெயித்தது. உன் அம்மா அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு விழிஞ்ஞம் வீட்டில் மாட்டினார்கள்.

இப்போது புதிய அகச்சிவப்புப் பதிவுகள் வந்திருக்கின்றன. நிறமாலையில் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து, எதிரெதிரே நகர்ந்து, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஒன்றையொன்று சுற்றும் ஜோடி. எடையைப் பங்கிட்டால் இரண்டுக்கும் ஆயுசு நீளும். வெளியே பிறந்து உள்ளே வர நேரம் இருந்திருக்கும். என் கட்சிக்கு வலு வந்துவிட்டது. எனக்கோ கோபம் கோபமாக வருகிறது. நீ பாட்டுக்குப் பாதியில் எழுந்து போய்விட்டால் நான் யாரிடம் ஜெயிப்பது?

திருத்தக் கட்டுரை தயார். "ஜெபா பேரு வேண்டாம். சம்மதம் கேக்க ஆளில்லையல்லோ" என்றார் துறைத் தலைவர். நியாயம்தான். ஆனால் எடுத்துவிட்டால் உன்னை நானே வெளியே தள்ளியதாகாதா?

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்போ என் பிள்ள எழுதினது தப்பா மக்ளே?"

"பாதி தப்பும்மா. ரெண்டு பேரும் சேந்து எழுதினதுதான்."

"தப்பாயிட்டுண்ணா திருத்து. பேர மட்டும் எடுக்காண்டாம். இனி அவளுக்கு வேற எங்க பேரு வரப்போவுது?"

நான் அழுதுவிட்டேன். மறுநாள் துறைத் தலைவரிடம் சண்டை போட்டேன். உன்னிடம் பழகிய பழக்கம். உன் பெயர் இருக்கும், முதலிலேயே இருக்கும். ஜோடியாகவே அங்கே பிறந்திருக்கலாம் என்று உனக்காக ஒரு பத்தியும் எழுதியிருக்கிறேன். நீ இருந்திருந்தால் இன்னும் காரமாக எழுதியிருப்பாய், இல்லையா?

ஒன்றுதான் பாக்கி. கட்டுரையாளர் இறந்துவிட்டால் அவர் பெயருக்கு மேலே சின்னதாக ஒரு குறி போடுவது நம் துறை வழக்கம். அதைப் போடக் கை வரவில்லை. கட்டுரை அதற்காகத்தான் அனுப்பாமல் கிடக்கிறது.

நாளைக் காலையில் போட்டு அனுப்பிவிடுகிறேன், சத்தியமாக. இன்றைக்கு மட்டும் நீ குறியில்லாத ஜெபாவாக இருந்துவிட்டுப் போ.

உன் கூடப்பிறக்காத தங்கை,
சுமதி