ஈரலுக்குள் எழும்பிய சுவர்

விழுப்புரம்
வியாழக்கிழமை

ஓமந்தூரில் அம்மா வீட்டில், என்மேல் கடுங்கோபத்தோடும் மற்றபடி சௌக்கியமாகவும் இருக்கும் ஜெசிந்தாவுக்கு, உன் வீட்டுக்காரன் ஆரோக்கியராஜ் எழுதுவது.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால், கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பேனா பிடிக்கிறேன். கறி வெட்டுகிற கை. எழுத்தும் கொத்துக்கறியாகத்தான் இருக்கும். திண்டிவனம் பஸ் கண்டக்டர் பச்சைமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன். படித்துவிட்டால், பச்சைமுத்தண்ணே, திரும்ப ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

எதிர்வீட்டு ரோஜா உனக்குப் போன் போட்டு, "உன் வூட்டுக்காரரு மறுபடி குடிச்சி ஈரலையே கெடுத்துக்கினாருடி, ஸ்கேன் சென்டர்ல என் கண்ணால பாத்தேன்" என்றதும் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அவள் பார்த்தது நிஜம். கெடார் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போகிறேன் என்று நான் உன்னிடம் சொன்னது பொய். ஆனால் குடிக்கவில்லை. மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றிச் சொன்ன நாளிலிருந்து மூன்று வருஷமாக ஒரு சொட்டு கிடையாது.

நடந்தது இதுதான். போன வாரம் கடையில் ஒரு கிடா என் விலாவில் முட்டியது. இத்தனை வருஷம் நான் வெட்டிய ஆடுகள் எல்லாவற்றின் சார்பாகவும் முட்டியது என்று வைத்துக்கொள். எலும்பு பார்க்கப் போன இடத்தில், ஈரலில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி என்றார்கள். ரத்தம் எடுத்து, பெரிய மிஷினில் படுக்கவைத்து, முடிவு சொல்ல மூன்று நாள். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. திட்டுவாய் என்று பயமில்லை; திட்டாமல் இருந்துவிடுவாயோ என்றுதான் பயம். நீ கிளம்பியது இரண்டாவது நாள்.

நேற்று டாக்டர் வெண்ணிலா, சின்னப் பெண்தான், எடுத்ததுமே, "நாய் வளர்த்தீங்களா? கெட்டுப்போன ஈரலை அதுக்குப் போடுவீங்களா?" என்று கேட்டார். குறி சொல்கிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். நீர்க்கொப்புளம் இருக்கிற ஈரலை நான் விற்கமாட்டேன், நேர்மைக்காரன்! கடை நாய்க்கு வீசிவிடுவேன். அதிலிருந்த புழு நாயின் குடலில் வளர்ந்து முட்டையிட, முட்டை நாயின் ரோமத்தில் ஒட்ட, அதைத் தடவிய கையாலேயே நான் போண்டா தின்றிருக்கிறேன். ஊர் ஆட்டு ஈரலுக்கெல்லாம் நல்லது கெட்டது சொன்னவனுக்குத் தன் ஈரலில் ஒன்று குடியேறியது தெரியவில்லை.

"தெரியவிடாம உங்க உடம்பே பார்த்துக்கிச்சு" என்றார்.

வயிற்றுக்குள் போன முட்டை பொரிந்து புழு ஈரலில் வந்து இறங்கியதுமே ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சூழ்ந்துகொண்டனவாம். அது உறை கட்டிக்கொண்டு ஒளிந்துகொண்டதாம். அணுக்களுக்கு அதை உடனே கொல்லவும் முடியவில்லை, விட்டுவிடவும் மனசில்லை. சுற்றிலும் நார் நாராகச் சுவர் எழுப்பி, பரவவிடாமல் வருஷக்கணக்கில் நெருக்கியதில் உள்ளே இருந்தது செத்து, சுண்ணாம்பு படிந்து, முட்டை ஓடுபோல இறுகிவிட்டது. திரையில் வெள்ளை வளையமாகப் பார்த்தேன். ஜெசி, அது உள்ளே வந்து இருபது வருஷம் இருக்கலாமாம். நான் குடித்துவிட்டுச் சாக்கடையோரம் விழுந்து கிடந்த நாளிலும், உன்னைப் பார்த்துக் கத்திய நாளிலும், உள்ளே ஒரு கூட்டம் லீவு போடாமல், செத்தவை போக அடுத்தவை வந்து நின்று, இந்த உருப்படாதவனைக் காத்து வந்திருக்கிறது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் ஒரு நாள் நன்றி சொன்னதில்லை.

இன்று காலை ஓர் ஆட்டு ஈரலில் அப்படி இறுகிப்போன உருண்டை ஒன்று கத்தியில் கரகரவென்று தட்டியது. எப்போதும் திட்டிக்கொண்டே வீசுவேன். இன்று கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். கறி வாங்க வந்த தையல்நாயகி அக்கா, "இன்னாப்பா, ஈரல வச்சிக்கினு ஜெபம் பண்றியா? ஜல்தியா கறியப் போடு" என்று கத்தினார். அதைக் குழி தோண்டிப் புதைத்தேன். நாய்க்குப் போடக் கூடாதாம்.

மருந்து, ஆபரேஷன் எதுவும் இப்போது வேண்டாம் என்கிறார். மற்றபடி ஈரல் நன்றாக இருக்கிறது என்று எழுதியே கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன், மச்சானை விட்டுப் படிக்கச் சொல். பொய் சொன்னதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடு.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அன்றைக்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே வந்துவிட்டால் இன்னும் நல்லது. வயிற்றில் ஏதோ பசை தடவுகிறார்கள் ஜெசி, தனியாகப் படுத்திருந்தபோது ரொம்பச் சில்லென்று இருந்தது.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்
ஆரோக்கியராஜ்