பத்து நிமிடத்தில் கலைந்த சபை

வியாழன், இரவு

தொப்பூர் கணவாயில் லாரி மோதி என் கணவர் இறந்த வளைவைப் பற்றி எங்கள் எம்.பி. இன்று மக்களவையில் பேசுவதாக இருந்தது. பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு, அவரைப் பெற்ற அத்தையோடு டி.வி. முன் உட்கார்ந்தேன். கூச்சலில் பத்தே நிமிடத்தில் சபையை நாள் முழுதும் ஒத்திவைத்துவிட்டார்கள்.

எம்.பி.யின் உதவியாளருக்குப் போன் செய்தேன்.

"நேத்து ராத்திரி வரைக்கும் சபையில உக்காந்தாங்களே, இன்னைக்கு மட்டும் ஏனுங்க?"

"நேத்து மசோதாவுக்கு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க டீச்சர். இன்னைக்கு ஒத்துக்கலைங்க. நாளைக்குப் பேசணும்னா நோட்டீஸ் புதுசா குடுக்கணும்."

"நாளைக்காச்சும் அவன் பேரைச் சொல்லுவாங்களா கண்ணு?" என்றார் அத்தை.

"சொல்லுவாங்கத்தே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எம்.பி.க்குக் கொடுத்த மனுவில் அவர் பெயரை நான் எழுதவே இல்லை. வளைவைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். தூக்கம் வரவில்லை. காலையில் உதவியாளருக்கு மறுபடி போன் செய்ய வேண்டும்.