பாலன் இல்லாத குடில்

24 டிசம்பர் 1996, டார்ம்ஸ்டாட், ஜேர்மனி

நத்தார்ப் பூசை முடிந்து வந்ததும் குடும்பத் தலைவர்தான் குடிலில் யேசு பாலனை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வீட்டுத் தலைவரான மருமகன் டானியல், இங்குள்ள முகாமிலிருந்து போன அமெரிக்கப் படையோடு பொஸ்னியாவில் இருக்கிறார். ஒரு கிழமையாக அவரிடமிருந்து தொலைபேசி வரவில்லை.

“நீங்களே வையுங்கோ அம்மா, பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கினம்,” என்றாள் மகள் மேரி.

“ஏலாது. அவர் வந்து வைக்கட்டும்.”

“போன வருசம் வெள்ளை விரிப்பிலை பூட்ஸோடை முழங்காலிட்டவர் எண்டு அந்த மனுசனை நீங்கள் ஏசின ஏச்சு!”

பாலனை என் கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்தேன். பேரப்பிள்ளைகள் வெறும் வைக்கோலின் முன் செபம் சொல்லிவிட்டுப் படுத்தார்கள். மேரி தொலைபேசியின் பக்கத்திலேயே இருக்கிறாள்.

குடிலின் முன் அதே வெள்ளை விரிப்பைத் தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி விரித்திருக்கிறேன். பூட்ஸோடே வந்து முழங்காலிடட்டும்.