பினாயில் போட்டுக் கழுவிய அறை

அக்கா,

இன்று காலை வங்கிக்குள் நுழைந்தால், தரையைப் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வந்த வேலையை விட்டுவிட்டு வெளியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வயதாகிவிட்டது என்று நினைத்துக் காவலாளி தண்ணீர் கொடுத்தார். வயது இல்லை. உங்களுக்குத் தெரியும்.

ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரமாகக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து நீங்கள் மாதர் சங்கம் ஆரம்பித்தபோது, நான் தலைச்சுமைக் கூடையை இறக்கிவிட்டுச் சந்தையில் சொந்தமாகக் கருவாட்டுக் கடை போட்டிருந்தேன். என்னையும் உறுப்பினராகச் சேர்த்தீர்கள். டாக்டர் வீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, சங்கத்துக்குள் கருவாட்டு வாடை வருகிறது என்றார். "பசிக்குதுன்னு நேரா சொல்லேம்மா" என்றீர்கள். அன்றைக்கே நான் உங்கள் ஆள் ஆகிவிட்டேன்.

மற்ற ஊர்ச் சங்கங்கள் தையல் கற்றுக்கொடுத்தன. நீங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் ஓர் அறை பிடித்தீர்கள். பழவேற்காடு ஏரிக் குப்பங்களில் பிரசவ வலி கண்ட பிறகு தோணி பிடித்து, மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் வழியிலேயே போய்ச்சேர்ந்தவர்கள் உண்டு. மாதம் நெருங்கியதுமே வந்து இங்கே தங்கட்டும் என்றீர்கள். உறுப்பினர்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்க வேண்டும். அதுதான் அவர்களுக்குச் சோறு. குப்பத்துப் பெண்கள் முதலில் நம்பவில்லை. கருவாடு எடுக்கப் போன இடமெல்லாம் பேசிப் பேசி நான்தான் அழைத்துவந்தேன்.

எழுபதுகளில் தொழிற்சாலைகளுக்கு நிலம் அளக்கத் தொடங்கினார்கள். ஒரு பெரிய அதிகாரியின் மனைவி சங்கத்தைப் பார்க்க வருகிறார், அவர் மனம் வைத்தால் சொந்தக் கட்டடம் கிடைக்கும் என்று பேச்சு வந்தது. பாயும் பழந்துணியும் வாந்தியுமாகக் கிடக்கிற அறையை எப்படிக் காட்டுவது என்று கமிட்டியில் கேட்டார்கள். ஒரே ஒரு நாள் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். பிறகு கட்டடத்தை நினைத்துச் சரி என்றீர்கள். சரக்கை வெளியே தள்ளிவிட்டுக் கடையை அலங்கரிக்கிற வியாபாரி எங்கேயாவது உண்டா, அக்கா?

இருந்தவர்களில் அஞ்சலைக்குத்தான் நாள் நெருங்கியிருந்தது. வண்டியில் ஏறும்போதும் சிரித்தாள். "இன்னாக்கா, வர்ற அம்மா இம்மாம் பெரிய வயித்த பாத்ததில்லியா? பயந்துக்குமா?" அவள் கையைப் பிடித்து, நாளைக்கே வண்டி அனுப்புகிறேன் என்றீர்கள்.

பினாயில் ஊற்றிக் கழுவினோம். வந்தவர் சுத்தத்தை மெச்சினார். அன்று பிற்பகல் ஏரியில் காற்று கிளம்பியது. அஞ்சலைக்கு வலி கண்டு தோணியில் ஏற்றினார்கள். தோணி இந்தக் கரைக்கு வருவதற்குள் தாயும் பிள்ளையும் முடிந்துபோனார்கள்.

காரியம் முடிந்து அவள் புருஷன் வந்தான். சத்தம் போடவில்லை. அவள் விட்டுப்போன பாயைக் கேட்டான். பழந்துணியோடு அதையும் கழுவிய அன்றைக்கே எரித்திருந்தோம். "எடம் இல்லன்னு அனுப்சிட்டாங்கன்னு அஞ்சல சொல்லிச்சும்மா. மொதல்லியே சொல்லியிருந்தா நாங்க வந்தே இருக்க மாட்டோமே" என்றான்.

கட்டடம் கிடைத்தது. உங்கள் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். நீங்கள் அதன் படியை மிதிக்கவில்லை. குப்பத்திலிருந்து ஒருத்தியும் வரவில்லை. பிடி அரிசி நின்றது. சில காலம் தையல் மெஷின்கள் ஓடின, பிறகு பூட்டு. இப்போது யாரோ இரும்புக் கம்பி அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேப்பம்பட்டில் உங்கள் மகன் வீட்டில் கடைசியாகப் பார்த்தபோது, "அந்தக் குப்பத்துப் பக்கம் போறியா?" என்று மட்டும் கேட்டீர்கள். போகிறேன் என்றேன். அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இன்று சொல்கிறேன். அஞ்சலையின் குப்பத்தில்தான் இன்னும் சரக்கு எடுக்கிறேன். நன்றாகத்தான் பேசுகிறார்கள், விலையில் அடித்துக்கொள்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். ஆனால் என் தலை தெரிந்ததும் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள். அஞ்சலை போன பிறகு பிறந்த பெண்கள் அவர்கள். ஏன் போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.