திறக்காத ஐந்து தலைப்புகள்

ஆடி 5, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கீபோர்டெல்லாம் கரிசல் புழுதி. துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் மதினி. அண்ணன் வீட்டு ஆள் இங்கே கால் வைத்து ஆறு வருஷம். பாகம் பிரித்து நடுச்சுவர் எழுப்பியதோடு பேச்சும் போச்சு.

"அவுகளுக்குத் தெரியாம வந்திருக்கேன் தம்பி."

அண்ணனுக்குப் பார்வை போய் இரண்டு வருஷம். மதுரையில் ஒரு மையம், பார்வையற்றோருக்கு வேலைப் பயிற்சி. வெள்ளி கடைசி நாள். மையத்தின் இணையப் பக்கத்தில், திரையிலுள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் ஐந்து தலைப்புகளை மட்டும் வாசிக்கிறதாம். உள்ளே ஒன்றுமில்லையாம்.

"நான் வாசிச்சுச் சொல்றேன்னா சண்டைக்கு வாராக. எவனோ கூறுகெட்டவன் செஞ்சு வச்சிருக்கான்."

செய்தது நான். சொல்லவில்லை.

ஆடி 6

கரண்ட் இல்லை, இரண்டு மணி வரை. கத்தரிக்காய் வாங்க மறந்தாச்சு.

பக்கம் பார்க்க அழகுதான். தலைப்பை மௌஸால் தட்டினால் விரியும். அண்ணன் முப்பது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர், எல்லாம் கீபோர்டிலேயே. அதில் இணைப்புக்கு இணைப்பு நகர்த்தும் டேப் விசையோ என் தலைப்புகளைத் தொடாமலே தாண்டுகிறது.

எனக்கும் அவர்தான் மாஸ்டர். குனிந்து எழுத்தைப் பார்த்தால் விரல் முட்டியில் ஸ்கேல். "ஏலே, பாத்து அடிக்கிறதுக்கு இங்க எதுக்கு வாரே?" வகுப்புப் பெண்கள் எல்லார் முன்னாலும். மறக்கவில்லை.

மைய மேனேஜருக்குப் போன். "இதுவரை யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலையே சார்." எப்படிப் பண்ணுவார்கள்? புகார்ப் படிவமும் அந்த ஐந்தில் ஒன்றுக்குள்தான்.

ஆடி 7

தலைப்புகளை, டேப் விசை நின்று திறக்கும் பட்டனாக்கினேன். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதையும் வாசிப்பானுக்குச் சொல்ல வைத்தேன். திரைமேல் துண்டு. காதால் மட்டும் சோதனை.

1. மூடிய பகுதியையும் வாசித்தது.
2. திறந்த பிறகும் "மூடியுள்ளது" என்றது.
3. சரி.

நான் வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனியில் இதைச் சோதிக்க ஆள் தரவில்லை என்று இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். ஒரு துண்டு போதுமாயிருந்தது. நடுவில் ஒருமுறை கண் தானாகக் கீபோர்டுக்குப் போனது. விரல் முட்டியைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

கொல்லைப்புறத்தில், சுவருக்கு மேலாக மதினியிடம்: "மறுபடி பாக்கச் சொல்லுங்க."

"நீங்க சரி பண்ணதாச் சொல்லவா?"

"வேண்டாம்."

ஆடி 9, வெள்ளி

காற்று குறையவில்லை. விண்ணப்ப நகல்கள் சோதனைக்காக எனக்கும் வரும். மதியம் வரை ஒன்றுமில்லை. மூன்றே காலுக்கு அண்ணனுடையது. ஒரு எழுத்துப்பிழை கிடையாது. "பிற குறிப்புகள்" கட்டத்தில்:

"பக்கம் இப்போது திறக்கிறது. நன்றி. முன்பு செய்தவர் பார்த்து அடிக்கிறவர் போல."

"விண்ணப்பம் கிடைத்தது" என்று தானாகவே பதில் போயிருக்கிறது. அந்த வாசகமும் நான் எழுதியதுதான்.